கம்பம் நடுமுன்ன மீட்டரைப் பாருங்க

குழு: நம்ம ஊர் பொதுவிசயம்

செல்வி மைனி வார்டு 4: அக்டோபர் 2 கிராம சபைக்குத் தீர்மானம் எழுதணும். 50 சோலார் தெருவிளக்குக் கம்பம் கேக்கலாம்னு தலைவர் சொல்லுதாங்க. கம்பத்துக்குக் கம்பம் தனி பேனல், தனி பேட்டரி. சரியா வருமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சுடலை அண்ணாச்சி ஈபி: தெருவுக்குள்ள வேண்டாம் மைனி. மூணு நாலு வருசத்துல பேட்டரி படுத்துரும். மாத்தப் பணம் யாரும் ஒதுக்கி வைக்க மாட்டாவ. பொறவு வெறுங்கம்பம்தான் நிக்கும். லைன் ஓடுத தெருவுல பேட்டரிக்கு என்ன வேலை?

பேச்சிமுத்து சித்தப்பா: குளத்துக்கரைப் பாதைக்கு? அங்க லைனே கெடையாதே.

சுடலை அண்ணாச்சி ஈபி: அங்கன போடலாம். சுடுகாட்டுப் பாதைக்கும் போடலாம். லித்தியம் பேட்டரி கேளுங்க. பேனலுக்கு அடியில ஒட்டுன மாதிரி வச்சா சூட்டுல ஆயுசு கொறையும், தள்ளித் தனிப் பெட்டியில இருக்கணும். மொத்தம் 6 கம்பம் போதும்.

செல்வி மைனி வார்டு 4: அப்போ மிச்சத் தெருவுக்கு?

சுடலை அண்ணாச்சி ஈபி: பழைய டியூப் லைட்டைக் கழத்துங்க. 40 வாட்னு பேரு, சோக்கோட சேத்து 50-க்கு மேல இழுக்கும். 20 வாட் எல்.இ.டி போட்டா ஒரு விளக்குக்கு 30 வாட் மிச்சம். 100 விளக்கு, 12 மணி நேரம்னு வைங்க. தெனம் 36 யூனிட், மாசம் 1,080 யூனிட். இதே 36 யூனிட்டை சோலார்ல எடுக்கணும்னா 9 கிலோவாட் பேனல் வேணும். எது மலிவுன்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

இசக்கி சோலார்: நானும் அதத்தான் சொல்லுவேன். பேனல் விக்கவனே சொல்லுதேன், மொதல்ல செலவைக் கொறைங்க, பொறவு பேனல் போடுங்க.

பேச்சிமுத்து சித்தப்பா: போன தடவை போட்ட எல்.இ.டி ஒரே ராத்திரியில வரிசையா போச்சே. அதுக்கு என்ன சொல்லுதீய?

சுடலை அண்ணாச்சி ஈபி: வரிசையா போச்சுன்னா விளக்கு மேல சந்தேகப்படுததுக்கு முன்ன நியூட்ரலை, அதான் கரண்டு திரும்பிப் போற ஒயரை, பாக்கணும் சித்தப்பா. நியூட்ரல் லூசாச்சுன்னா 230 வோல்ட் வர வேண்டிய எடத்துல 350-க்கு மேலயும் வரும், விளக்குக்குள்ள கரண்டைச் சரிபண்ணிக் குடுக்க டிரைவர் சர்க்யூட் தாங்காது. விளக்கு மாத்துததுக்கு முன்ன சுவிட்ச் பெட்டியில நியூட்ரல் ஜாயிண்டை இறுக்கிச் சோதிக்கணும். விளக்குல 10 கிலோவோல்ட் சர்ஜ், அதான் திடீர்னு எகிறுத வோல்டேஜ், அதைத் தாங்குத பாதுகாப்பு இருக்கணும்னு டெண்டர்ல எழுதுங்க. அப்புறம் ஆஸ்ட்ரோ டைமர் ஒண்ணு. அது சூரியன் விழுத நேரத்தை ஊருக்குத் தக்கன தானே கணக்குப் போடும். வெளிச்ச சென்சார் தூசி படிஞ்சா பகல்லயும் எரிய விடும். காலையில 8 மணி வரைக்கும் எரியுத வெளக்கு நம்ம ஊர்ல உண்டுல்லா?

செல்வி மைனி வார்டு 4: உண்டு, மேலத்தெரு பூராவும்.

சுடலை அண்ணாச்சி ஈபி: அடுத்தது தண்ணி மோட்டார். காசு அங்கதான் போவுது. பொறுமையா வாசிங்க.

நம்ம மேல்நிலைத் தொட்டி 60,000 லிட்டர். போர் தண்ணி மட்டத்துல இருந்து தொட்டி வரைக்கும் 75 மீட்டர்னு வச்சுக்கிடுவோம். அவ்வளவு தண்ணியத் தூக்குத சுத்த வேலை 12 யூனிட் சொச்சம். இழுக்குத கரண்டுல பம்பும் மோட்டாரும் சேந்து 40 சதவீதம் வேலையாத் தேறுனா 30 யூனிட் ஆவும், அதாவது 1,000 லிட்டருக்கு அரை யூனிட். பம்புக்குள்ள தண்ணியத் தள்ளுத இம்பெல்லர் சக்கரம் தேஞ்சு, குழாய்ல உப்புப் படிஞ்சு 25 சதவீதத்துக்கு எறங்குனா அதே தண்ணிக்கு 49 யூனிட்.

சோதிக்க மெசின் ஒண்ணும் வேண்டாம். தொட்டியக் காலி பண்ணி வெளிய போற வால்வை மூடுங்க. மோட்டார் போடுமுன்ன மீட்டர், நெறஞ்ச பொறவு மீட்டர். வித்தியாசத்தை 60-ஆல வகுத்தா 1,000 லிட்டருக்கு எத்தனைன்னு வந்துரும். 0.7 தாண்டுனா பம்பைத் தூக்கிப் பாக்கணும். சோலார் போட்டு ஓட்டைப் பம்பை ஓட்டாதீய.

இசக்கி சோலார்: பம்பு சரியாகி 30 யூனிட்டுக்கு வந்துட்டா 7.5 கிலோவாட் சோலார் போதும். 49 யூனிட்னா 12-க்கு மேல போவும். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட், 100 சதுர அடி எடம். ஊராட்சிக் கட்டட மாடியில 750 சதுர அடி நெழல் இல்லாம தேறும். தொட்டியில தண்ணி நிறுத்திக்கிடலாம், அதனால பேட்டரியே வேண்டாம்.

ஊராட்சி இணைப்புக் கட்டணம் வேற, வீட்டுக் கணக்கு வேற. நம்ம சோலார் எந்தக் கணக்குல வரும்னு ஈபில எழுத்துல வாங்குன பொறவுதான் டெண்டர் விடணும்.

பேச்சிமுத்து சித்தப்பா: பள்ளிக்கூடத்துல போட்டது பாதிகூட தரலன்னு பேசிக்கிடுதாவ.

இசக்கி சோலார்: அங்க தென்னை நெழல் விழுது சித்தப்பா. வரிசையில ஒரு பேனல்ல நெழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் அடி வாங்கும். ரெண்டாவது, போர்வெல் உப்புத் தண்ணியில கழுவுதாவ. காஞ்ச பொறவு வெள்ளையா படியும், அது சாதாரணமாப் போவாது. நல்ல தண்ணி, காலையில 7 மணிக்குள்ள. நண்பகல் சூட்டுல பச்சைத் தண்ணி ஊத்துனா கண்ணாடி வெடிக்கவும் செய்யலாம்.

மூணாவது இன்வெர்ட்டர், பேனல் கரண்டை லைன் கரண்டா மாத்துத பெட்டி. டிரான்ஸ்பார்மர்ல இருந்து கடைசியில இருக்க எடத்துல மத்தியானம் வோல்டேஜ் ஏறும். இன்வெர்ட்டரோட வரம்பைத் தாண்டுனதும் அது தானா நின்னுக்கிடும், வெயில் கொளுத்துத நேரத்துல ஒண்ணும் வராது. இன்வெர்ட்டர் பதிவுல நேரத்தோட இருக்கும், அதைக் காட்டி, வோல்டேஜைக் கூட்டிக் கொறைக்குத டிரான்ஸ்பார்மர் டேப்பை மாத்தக் கேக்கணும்.

செல்வி மைனி வார்டு 4: ஓடந்துறை ஊராட்சி மாதிரி நாமளும் கரண்டு எடுக்குத காத்தாடியே வாங்கிரலாம்னும் ஒரு பேச்சு. நம்ம பக்கம் காத்துக்குக் குறைச்சலா?

சுடலை அண்ணாச்சி ஈபி: ஓடந்துறையை எடுத்துச் சொல்லுதவங்க கடைசிப் பக்கத்தை மட்டும் சொல்லுதாவ. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கம் அந்த ஊராட்சி. 2006-ல 350 கிலோவாட் காத்தாடி வாங்குனாவ, 1.55 கோடி ரூபா. காத்தாடி அந்த ஊர்லயே கெடையாது, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில நிக்கி. தலைவர் சண்முகம் அதுக்கு முன்ன என்ன செஞ்சாருன்னு பாருங்க. விறகுல இருந்து எடுத்த வாயுவுல தண்ணிப் பம்பு ஓட்டி மின்செலவைக் கொறைச்சாரு. ஊராட்சி கையில 40 லட்சம் சேத்து வச்சுக்கிட்டுத்தான் மிச்சத்துக்கு பேங்குக்குப் போனாரு. தலைமைன்னா அதான் மைனி. பில்லை மாசாமாசம் வாசிச்ச ஆளு அவரு.

நமக்கு இப்ப காத்தாடி வேண்டாம். ஆனி, ஆடி, ஆவணில சுத்தும், மத்த மாசம் மெதுவாத்தான். கியர் பாக்ஸ் போச்சுன்னா கிரேன் வரணும். அந்தச் செலவை நம்ம ஊராட்சி தாங்காது.

இசக்கி சோலார்: மைனி, இன்னொண்ணு. வீட்டு மாடி சோலார் மானியத் திட்டம் இருக்குல்லா, பிரதமர் சூரிய வீடு. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதுக்கு மேலயும் 78,000. அதுல ஊராட்சிக்கும் பங்கு உண்டு, வீட்டுக்கு 1,000 ரூபா ஊக்கத்தொகை. 60 வீடு போட்டா 60,000. டைமரும் நியூட்ரல் வேலையும் அதுலயே பாக்கலாம்.

பேச்சிமுத்து சித்தப்பா: எல்லா வீட்டுக்கும் சொல்லிரலாமா?

இசக்கி சோலார்: வேண்டாம் சித்தப்பா. ரெண்டு மாசத்துக்குக் குடுக்க இலவச யூனிட்டுக்குள்ளயே ஓட்டுத வீட்டுக்கு லாபமே இல்ல, ஏமாத்தின மாதிரி ஆயிரும். 400 யூனிட் தாண்டுத வீட்டை மட்டும் கூப்பிடுங்க. ஈபி இணைப்பு யாரு பேர்ல இருக்குன்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க. செத்துப்போன தாத்தா பேர்ல இருந்தா பேர் மாத்தாம விண்ணப்பம் நகராது. மானியம் கெடைக்கணும்னா பேனலும், அதுக்குள்ள இருக்க சோலார் செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். நம்ம கங்கைகொண்டான் சிப்காட்லயே டாட்டா ஆலை ரெண்டையும் செய்யுது, வருசத்துக்கு 4.3 ஜிகாவாட் அளவு. கரண்டு போனா சோலாரும் நிக்கும், இதை மறைக்காம சொல்லிருங்க. லைன்ல வேலை பாக்கவருக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு அப்படித்தான் வச்சிருக்கு.

செல்வி மைனி வார்டு 4: சரி. அப்போ தீர்மானம் இப்படி எழுதுதேன்: எல்.இ.டி மாத்துதது, ஆஸ்ட்ரோ டைமர், தண்ணி மோட்டார் சோதனை, குளத்துக்கரைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் 6 சோலார் கம்பம். மாடி சோலார் சோதனை முடிவு வந்த பொறவு. மீட்டர் குறிப்பு?

சுடலை அண்ணாச்சி ஈபி: மாசம் 1-ந்தேதி காலையில, ஒரே ஆளு, ஒரே நோட்டு. தெருவிளக்கு மீட்டரும் மோட்டார் மீட்டரும். தீர்மானத்துல அந்த ஆளு பேரோட எழுதுங்க.

செல்வி மைனி வார்டு 4: மகளிர் குழுவுல ஒருத்தரை வைக்கேன். நாளைக்கு விளக்கு எண்ணப் போவோம். சாயங்காலம் 6 மணிக்கா?

சுடலை அண்ணாச்சி ஈபி: காலையில 7 மணிக்கு வாங்க மைனி. பகல்ல எது எரியுதுன்னு அப்பத்தான் தெரியும். கம்பம் நம்பரை சாக்பீஸ்ல எழுதிக்கிட்டே வருவோம்.