பழைய எலும்பில் ஆஸ்டியோமலேசியா: மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்க்கணும்?

பரம்புக்காட்டுப் பிள்ளை:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். பாளையங்கோட்டையில எம்.எஸ்சி. படிக்கேன். ஆதிச்சநல்லூர் தாழிகளைப் பார்த்ததுல இருந்து பழைய எலும்புல நோய் கண்டுபிடிக்கிறதுல ஒரு கிறுக்கு. ஆஸ்டியோமலேசியா, அதான் வைட்டமின் டி குறைவு மாதிரிக் காரணத்தால பெரியவங்க எலும்புல தாது சரியா ஏறாம மெதுவாப் போற நோய், அது வந்தா ஆஸ்டியாய்டு தடிச்சிருக்கும்னு புஸ்தகத்துல இருக்கு. நூத்துக்கணக்கான வருசம் மண்ணுல கிடந்த எலும்புல அது தெரியுமா?

ஸ்லைடு அண்ணாச்சி:
தெரியாது தாயி. ஆஸ்டியாய்டுங்கது சுண்ணாம்புச்சத்து ஏறாத புரதம், அது மக்கிப் போயிரும். அது இருந்த இடத்தோட விளிம்புதான் நிக்கும். அங்கதான் தேடணும்.

நான் ஆஸ்பத்திரி லேப்ல எலும்பு வெட்டினவன். அங்க பயாப்சி வந்தா பெரும்பாலும் ஆசிட்ல ஊறப்போட்டு சுண்ணாம்பை எடுத்துருவோம், அப்பத்தான் பிளேடு இறங்கும். உனக்கு அது ஆகவே ஆகாது. சுண்ணாம்பு எங்க ஏறிச்சு, எங்க ஏறலைங்கதுதான் கேள்வி, அதையே கரைச்சிட்டு எதைப் பார்ப்ப? ரெசின்ல பதிச்சு, அறுத்து, கண்ணாடி மாதிரி தேய்ச்சு, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பேக்ஸ்கேட்டர் படம், அதாவது எலும்புல பட்டுத் திரும்புற எலக்ட்ரானை வச்சு விழுற படம், எடுக்கணும். தாது கூடின இடம் வெளுப்பா விழும், குறைஞ்ச இடம் மங்கும். பழைய எலும்பும் புது எலும்பும் சேருற சிமென்ட் கோட்டை ஒட்டிப் பாரு. அங்க தாது அரைகுறையா ஏறி, ஓட்டை ஓட்டையா நின்னா சந்தேகப்படலாம். பிர்மிங்ஹாம் செயின்ட் மார்ட்டின் இடுகாட்டு எலும்புகளை வச்சு மேகன் பிரிக்லி குழு 2007ல எழுதின கட்டுரையைத் தேடிப் படி.

தாழிக்காரன்:
அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனா மண்ணு ஏமாத்தும். பூஞ்சையும் பாக்டீரியாவும் எலும்பைக் குடைஞ்சு வச்சிருக்கும். பாக்டீரியா தின்ன இடத்தைச் சுத்தி, கரைஞ்ச தாது திரும்பப் படிஞ்சு வெள்ளை விளிம்பு கட்டுறதுண்டு. அதை நோய்க் கணக்குல எழுதிராத.

இன்னொண்ணு, அறுத்தா எலும்பு போச்சு. முதல்ல கண்ணால பாரு. விலா, தோள்பட்டை எலும்போட வெளி ஓரம், இடுப்பு முன்னெலும்பு, இங்கெல்லாம் சரியா ஆறாத கீறல் இருக்கான்னு. இருந்தா மட்டும் துண்டு கேளு.

பரம்புக்காட்டுப் பிள்ளை:
ரொம்ப நன்றி. நம்ம ஊர் வெயிலுக்கு வைட்டமின் டி குறையுமா அண்ணாச்சி?

ஸ்லைடு அண்ணாச்சி:
குறையும். வெளியவே வராதவங்களுக்கு வெயில் அடிச்சு என்ன பிரயோசனம்? ஆனா படம் சொல்றது தாது ஏறலைங்கதை மட்டுந்தான். காரணம் வெயிலா, சாப்பாடா, கிட்னி பாஸ்பேட்டை வெளிய விட்டதாங்கது அதுல இருக்காது. அறிக்கையில 'வைட்டமின் டி குறைவு'ன்னு நேரா எழுதினா எந்த கைடும் சிவப்புப் பேனாவை எடுத்துருவார்.