புதுப்பிப்பு: கண் லேசர் செய்தாயிற்று (மைனஸ் 4.50, மெல்லிய கருவிழிப் படலம்)

கண்ணாடி அளவை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், லாசிக் (கண்ணின் முன்பக்கக் கருவிழிப் படலத்தில் மெல்லிய மடல் வெட்டித் திறந்து, அடியில் லேசர் பாய்ச்சிப் பார்வையைத் திருத்துவது) செய்யலாமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"கொன்டாக்ட் லென்ஸைக் கழற்றி இரண்டு கிழமை கண்ணாடியோடு இருங்கள், பிறகு அளவெடுங்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அதுதான் விடை. லென்ஸ் அழுத்தி கருவிழியின் வடிவம் மாறியிருந்திருக்கிறது. திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் மறுபடி பார்த்தபோது அளவு நிலையாக வந்தது. ஆனால் படலத்தின் தடிப்பு 482 மைக்ரோன்தான், மெல்லியது. அதனால் மடல் வெட்டும் லாசிக் வேண்டாம், படலத்தின் மேல்தோலை மட்டும் அகற்றி லேசர் பாய்ச்சும் பி.ஆர்.கே. செய்வோம் என்றார் டொக்டர்.

லேசர் சில விநாடிகள்தான், வலியே இல்லை. ஆனால் இரண்டாம் நாள் இரவு வெங்காயச் சாறு ஊற்றியது போல எரிந்தது. அறையை இருட்டாக்கி, கண்ணை மூடியபடியே கிடந்தேன். புண் ஆறும்வரை கண்ணில் வைத்திருந்த பாதுகாப்பு லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தபின்தான் நிம்மதி. ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் பஸ் பதிவு செய்துவிடாதீர்கள், ஒரு கிழமையாவது கொழும்பில் தங்குங்கள்.

எதிர்பாராதது ஊரில் வீசும் கச்சான் காற்று, அதாவது வரண்ட தென்மேற்குக் காற்று. கண் காய்ந்து மணல் விழுந்த மாதிரி உறுத்தும். டொக்டர் தந்த கண்ணீர்த் துளியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெளியே இறங்க முடியவில்லை.

முதல் மாதம் பார்வை ஒருநாள் தெளிவு, ஒருநாள் மங்கல். இப்போது ஆறாவது கிழமை. இரவில் வாகன விளக்கைச் சுற்றி இன்னும் வளையம் தெரிகிறது. ஆனால் நேற்று நிலாவெளிக் கரையில் நின்று, எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவின் பாறைகளைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன்.