ஆறாவது போற பையனுக்கு யூனிஃபார்ம் இல்லையாம், காலிபர் போட்ட பிள்ளைக்கு வேற உதவி ஏதாவது உண்டா? (கடலூர்)

செம்மண்டலம் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு மூளை முடக்குவாதம். ரெண்டு கால்லயும் காலிபர், அதான் காலைத் தாங்கிப் பிடிக்க மாட்டற கருவி. இந்த வருஷம் ஆறாவது, அரசு உதவி பெறும் ஸ்கூல். அஞ்சாவது வரைக்கும் வேற ஸ்கூல், அங்க அரசு குடுக்கற இலவச யூனிஃபார்ம் நாலு செட்டும் தானா கைக்கு வந்துடும். இங்க லிஸ்ட்லயே அவன் பேர் இல்லை. கேட்டா "உங்க பையன் சத்துணவு சாப்பிடலையே"ங்கறாங்க. அவனால முழுங்க முடியாது, நான் சாதத்தை மிக்ஸியில ஓட்டி டப்பாவுல கொண்டுபோய் ஊட்டறேன். அதுக்கு இது தண்டனையா?

முன்னாடி அரைக்கால் டவுசர், காலிபர் வெளியவே இருக்கும். இப்ப முழு பேண்ட். கடையில வாங்கினதுல காலிபர் நுழையவே இல்லை. பெரிய சைஸ் எடுத்தா இடுப்புல நிக்காது. எச்சில் வடியறதால சட்டை மத்தியானத்துக்குள்ள நனைஞ்சுடும், தினம் ரெண்டு சட்டை வேணும். வீட்டுக்காரர் ஹார்பர்ல கூலி வேலை. துணிக்குன்னு எங்கயாவது பணம் கிடைக்குமா? எங்கம்மா வீடு கன்னியக்கோவில், புதுச்சேரி பக்கம் ஏதாவது வழி இருந்தாலும் சொல்லுங்க.

பண்ருட்டி பெரியம்மா:
நான் சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. அவங்க சொல்ற விதிமுறை பொய்யில்லம்மா. ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும், சத்துணவுல பேர் இருக்கற பிள்ளைக்குத்தான் அந்த நாலு செட். ஆனா பேர் சேர்க்கறதுக்கு என்ன தடை? பழைய ஸ்கூல்ல ஹெச்.எம். சேர்த்து வச்சிருப்பாங்க, உனக்கே தெரிஞ்சிருக்காது. "என் மகனைச் சத்துணவுல சேர்த்துக்கணும்"னு ஹெச்.எம்.முக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு, நகல்ல ஒரு கையெழுத்து வாங்கிக்க. தினம் முட்டை போடறாங்கல்ல, அதை நல்லா மசிச்சு உன் டப்பா சாதத்தோட சேர்த்து ஊட்டு. அப்ப சாப்பிடாத பிள்ளைன்னு யார் சொல்லுவா? இழுத்தடிச்சா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல குடு. துறை பேரு சமூக நலத்துறை, மறக்காத.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு குடுக்கற பராமரிப்பு உதவித்தொகை வருதா? மாசம் 2000. மனவளர்ச்சி குன்றின பிள்ளைன்னா 40 சதவீதம், கை கால் கடுமையா பாதிச்சிருந்தா 75 சதவீதம் சர்டிஃபிகேட்ல இருக்கணும். துணிக்குன்னு தனித் திட்டம் நான் கேள்விப்பட்டதில்லை. எங்க பக்கத்துத் தாய்மாருங்க எல்லாம் இந்தப் பணத்துலதான் தைக்கறாங்க.

நெல்லிக்குப்பம் தையல்:
அக்கா, நான் மகளிர் தையல் சங்கத்துல இந்த யூனிஃபார்ம்தான் தைக்கறேன். எங்களுக்கு வர்ற அளவுல காலிபர் இருக்குன்னு யாரும் எழுதறதே இல்லை. அளவு எடுக்கற அன்னிக்கு பையனைக் காலிபரோட நிக்க வைங்க. அந்த நாள் எதுன்னு டீச்சர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

தைச்சு வந்ததையும் மாத்திக்கலாம். பேண்டோட உள்பக்கத் தையலைப் பாதத்துலேர்ந்து முழங்கால் வரைக்கும் பிரிச்சு, நீள ஜிப் வச்சுடுங்க. காலிபரைக் கழட்டாமலே மாட்டலாம். ஜிப்புக்குப் பின்னாடி ஒரு துணிப் பட்டி கண்டிப்பா வேணும், இல்லேன்னா தோல்ல உரசும். இடுப்புல எலாஸ்டிக், கொக்கிக்குப் பதில் ஒட்டற பட்டை. எச்சிலுக்கு ரெண்டாவது சட்டை எதுக்கு? அதே துணியில காலருக்குக் கீழ மாட்டற மாதிரி ஒரு முன்துண்டு தைச்சு, உள்ள டவல் துணி குடுங்க. அதை மட்டும் மாத்தினா போதும். நெல்லிக்குப்பம் வந்தா நானே தைச்சுத் தரேன், ஜிப் மட்டும் வாங்கிட்டு வாங்க.

பாகூர் அப்பா:
புதுச்சேரியை நம்பாதீங்க சகோதரி. இங்க சமூக நலத்துறையில எதுக்குப் போனாலும் குடியிருப்புச் சான்றுதான் முதல்ல. அம்மா வீட்டு அட்ரஸ் வச்சு ஆகாது. அலைச்சல் மிச்சம், அவ்வளவுதான். கல்வித்துறையோட வட்டார வள மையத்துல, நம்ம மாதிரி பிள்ளைங்களைப் பார்த்துக்கற சிறப்புப் பயிற்றுநர் இருப்பாங்களே, அவங்ககிட்ட பேசினீங்களா? துணைக்கு வர்றவங்களுக்கான படி, போக்குவரத்துப் படி ரெண்டும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல உண்டு. ஸ்கூலுக்கு நீங்கதானே கூட்டிட்டுப் போறீங்க, கேட்டுப் பாருங்க. துணிக்காகும் காசு அதுல கொஞ்சம் மிஞ்சும்.

செம்மண்டலம் அம்மா:
பெரியம்மா, லெட்டர் இன்னிக்கே எழுதிட்டேன், நாளைக்கு ஹெச்.எம். கையில குடுக்கறேன். பராமரிப்புத் தொகைக்கு மனு போட்டிருக்கு, இன்னும் வரலை. நெல்லிக்குப்பம் தங்கச்சி, ஜிப் எத்தனை இஞ்ச் வாங்கட்டும்? முழங்கால்லேர்ந்து பாதம் வரைக்கும் அவனுக்கு 14 இஞ்ச் இருக்கு.

நெல்லிக்குப்பம் தையல்:
16 வாங்குங்க அக்கா, பிளாஸ்டிக் பல்லு. இரும்பு ஜிப் காலிபர் பட்டையில மாட்டிக்கும்.