தெப்பக்குளத்து மைய மண்டபத்தைக் காண ஏற்ற காலம் எது?

கேள்வி (திண்டுக்கல்லிலிருந்து):
வயதான என் பெற்றோர், மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் நடுவிலுள்ள மண்டபத்தையும் அதைச் சூழ்ந்த தோட்டத்தையும் அருகில் சென்று காண விரும்புகிறார்கள். தைப்பூசத்தன்று அழைத்து வரலாமா?

காமராசர் சாலைவாசி:
வேண்டாம் ஐயா. அன்று நடக்கும் தெப்பத் திருநாளில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருளிய தெப்பத்தைக் கரையிலிருந்து வடம்பிடித்து இழுத்து, மண்டபத்தைச் சுற்றி வரச்செய்யும் அழகுக்கு ஈடில்லைதான். ஆனால் அந்த நெரிசலில் தோட்டத்தை யார் பார்ப்பது? திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த இக்குளத்திற்கு வைகையிலிருந்து கால்வாய் வழியே நீர் வருகிறது. நெடுங்காலம் வறண்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய திடலாகவே கிடந்தது. நீர் நிற்கும்போது படகில்தான் மண்டபத்தை அடைய முடியும் என்பதால், படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு, திருவிழா அல்லாத நாளில் மாலை வெயில் தாழ்ந்தபின் வாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. படகில் ஏற அம்மா தயங்கினால்?

செல்லூர்க்காரர்:
கரையின் கருங்கல் கைப்பிடிச் சுவரருகே நின்றாலே நடுக்கோபுரமும் மூலைச் சிறுகோபுரங்களும் மரங்களுக்கு மேலே தெளிவாகத் தெரியும். அரண்மனையும் பார்க்க வேண்டுமானால், வைகைக்கு வடக்கே ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1959 முதல் அது காந்தி நினைவு அருங்காட்சியகமாக உள்ளது. என்னைக் கேட்டால், காலையில் அதையும் மாலையில் குளத்தையும் வைத்துக்கொள்வது நல்லது.