ஐகுவோ என்ற ஒரு சொல்: சீன இணையச் சண்டைகளைப் படிப்பவர்கள் கவனிக்க

'ஐகுவோ' என்றால் நாட்டுப்பற்று. ட்விட்டர் போன்ற சீனத் தளமான வெய்போவில் அதன் பேரில் நடக்கும் சண்டைகளை மொழிபெயர்க்க உட்காருபவர்கள் முதலில் இடறுவது பட்டப்பெயர்களில்தான். இணையத்தில் நாட்டுக்காகச் சண்டைபோடும் இளைஞர்களுக்கு வைத்த 'ஷியாவ் ஃபென்ஹோங்' என்ற பெயருக்கு 'சின்ன இளஞ்சிவப்பு' என்று பொருள். இதைச் சாயம் வெளுத்த கம்யூனிச சிவப்பு என்று எடுத்துக்கொண்டால் ஆளே மாறிவிடுவார். ஜின்ஜியாங் என்ற இலக்கியத் தளத்தின் இளஞ்சிவப்புப் பின்னணியிலிருந்து வந்த பெயர் அது. அங்கே எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள்.

'வூமாவ்' வேறு. அரசுக்கு ஆதரவாக எழுதப் பதிவுக்கு ஐந்து மாவ், அதாவது அரை யுவான், கூலி வாங்குபவர் என்ற ஏச்சு. அதற்குப் பதிலடியாகப் பிறந்தது 'ட்சிகான்வூ': கட்டுச்சோறு நாங்களே கட்டிக்கொண்டு வந்துதான் நாட்டுக்காக வாதாடுகிறோம், யாரிடமும் காசு வாங்கவில்லை என்று பொருள். இந்தச் சொல்லைத் தவறவிடாதீர்கள். எல்லோரையும் கூலிக்கு மாரடிப்பவர்கள் என்று தள்ளினால் பாதிக்கு மேல் பிடிபடாது.

*

அந்தக் கட்டுச்சோற்றுக்காரர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதற்கு 2016 ஜனவரி 20 நல்ல உதாரணம். சாய் இங்-வென் தைவான் அதிபர் தேர்தலில் வென்ற நான்காம் நாள், பைடு தியேபா என்ற விவாதத் தளத்தின் 'டீபா' குழுவினர் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தை நிரப்பினார்கள். சீனாவில் ஃபேஸ்புக் தடை. விபிஎன் போட்டு 'சுவர் ஏறி'த்தான் போக வேண்டும். கியூகியூ என்ற அரட்டைச் செயலியின் குழுக்களில் வேலையைப் பிரித்திருந்தார்கள்: தகவல் திரட்ட ஒரு அணி, ஆள் சேர்க்க ஒன்று, படம் தயாரிக்க ஒன்று, மொழிபெயர்க்க ஒன்று, லைக் போடவும் புகார் தட்டவும் ஒன்று. ஆனால் ஒரே வாசகத்தை ஆயிரக்கணக்கானோர் ஒட்டியதால் வாதம் எதுவும் எடுபடவில்லை. கொஞ்சமாவது பேச்சு நடந்த இடங்களில் அது சாப்பாட்டுப் படங்களில்தான் நடந்தது.

2019 ஆகஸ்டில், ஹாங்காங் போராட்டங்களின்போது, இதே வேலைக்கு சினிமா, பாட்டு ரசிகைகள் வந்தார்கள். நாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆ-ட்சோங் கேகே', அதாவது சீனா அண்ணன்: அறிமுகமாகி ஐயாயிரம் ஆண்டான நட்சத்திரம். தங்களுக்குப் பிடித்த கருத்துகளை லைக் போட்டு மேலே தள்ளும் 'கோங்பிங்' அவர்களுக்குக் கைவந்த கலை.

*

பிராண்டு விவகாரங்களில் நேர வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டாய உழைப்புப் புகார்களால் ஷின்ஜியாங் பருத்தியைத் தவிர்ப்பது பற்றிய, உடை நிறுவனமான ஹெச் அண்ட் எம்மின் அறிக்கை 2020-ஐச் சேர்ந்தது. அது கிளறப்பட்டது 2021 மார்ச் 24-இல், கம்யூனிஸ்ட் இளைஞர் கழகத்தின் வெய்போ கணக்கு கையிலெடுத்தபோது. அன்றே நடிகர்கள் ஒப்பந்தத்தை முறித்தார்கள், தாவ்பாவ் என்ற இணையக் கடையின் தேடலில் பிராண்டே காணாமல் போனது. கோபம் இளைஞர்களுடையது, நிஜமானது. அதை எந்த நாளில் எங்கே திருப்புவது என்பதில் மேலிடத்துக்குப் பங்கு உண்டு.

ஆனால் திருப்பிவிட்டவர்களால் எப்போதும் நிறுத்த முடிவதில்லை. 2024 தொடக்கத்தில் சிக்கியது சொந்த நாட்டு நிறுவனமான நோங்ஃபூ ஸ்பிரிங். தண்ணீர் பாட்டிலின் சிவப்பு மூடி ஜப்பானியச் சூரியனாம்! அதே சமயத்தில் ஒரு பதிவர், எழுத்தாளர் மோ யான் தியாகிகளை இழிவுபடுத்தினார் என்று வழக்குப் போட்டு, ஒரு சீனருக்கு ஒரு யுவான் கணக்கில் 150 கோடி யுவான் கேட்டார். பார்வை எண்ணிக்கை காசாகும் இடத்தில் அடுத்த துரோகியைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். சீனர்களே இதை 'ஐகுவோ ஷெங்யி', நாட்டுப்பற்று வியாபாரம், என்கிறார்கள்.

*

மேலே உள்ளதோடு 2024 ஜூன் 24-ஐச் சேர்க்க வேண்டும். சூஜோவில் ஜப்பானியப் பள்ளிப் பேருந்தருகே கத்தியோடு வந்தவனைத் தடுத்து உயிர்விட்டார் பேருந்து உதவியாளர் ஹு யோபிங். அதன்பின் இணைய நிறுவனமான டென்சென்ட், வெய்போ, காணொளித் தளமான டோயின் ஆகியவை சீன–ஜப்பான் பகையைத் தூண்டும் பதிவுகளை நீக்குவதாக அறிவித்தன. வெய்போவில் பலர் அவருக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

'ஐகுவோ'வை மொழிபெயர்க்கும்போது இதை மனத்தில் வையுங்கள். 'ஐ' நேசிப்பது, 'குவோ' நாடும் ஆகும், அரசும் ஆகும். 2024 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த நாட்டுப்பற்றுக் கல்விச் சட்டம், நாட்டை நேசிப்பதையும் கட்சியை நேசிப்பதையும் ஒன்றாக்குகிறது. ஹு யோபிங்குக்கு மெழுகுவத்தி ஏற்றியவர்கள் 'குவோ' என்று எழுதினால் அது அந்தப் பெண்ணைப் போன்ற மனிதர்களைக் குறிக்கலாம். பதிவை எழுதியவர் எதைச் சொல்கிறார் என்று பார்த்த பிறகே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.