பாடும்போது குரல் பிந்தி வருகிறது, பஃபரைக் குறைத்தால் பொரியும் சத்தம்: என்ன செய்யலாம்?

கேள்வி: நாதம்_48

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 மடிக்கணினி, 16 ஜிபி ரேம், மைக்கைக் கணினியுடன் இணைக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். சுருதியும் தாளமும் முன்பே பதிவில் இருக்கின்றன. அவற்றின் மேல் பாடிச் சேர்க்கிறேன். பஃபர் (ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைக்கும் இடம்) 512 சாம்பிள் என்றால் என் குரல் ஹெட்போனில் பிந்தி வந்து தாளம் தடுமாறுகிறது. 128க்கு இறக்கினால் பட் பட்டென்று பொரிகிறது. டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாடு 15 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. ரேமை 32 ஜிபி ஆக்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

மறுமொழி: ஒலிக்கூடம்

ரேம் வாங்காதீர்கள், தயவுசெய்து. உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இந்த ஆலோசனையை நம்பிப் பலர் பணத்தை வீணாக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் கணக்கு. 48,000 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்பது 10.7 மில்லி விநாடி. குரல் உள்ளே வர ஒரு பஃபர், வெளியே போக இன்னொன்று. ஆக 21 மில்லி விநாடிக்கு மேல். இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் இதில் சேரவில்லை. ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகும். அதாவது உங்கள் குரலை ஏழு மீட்டர் தள்ளி நின்று கேட்கிறீர்கள். கீபோர்டு வாசிப்பவர் ஓரளவு சமாளிப்பார். பாடுகிறவருக்குத் தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுவதால் இந்த இடைவெளி உறுத்தும். 128இல் பஃபர்களின் பங்கு 5.3 ஆகக் குறைகிறது. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

இரண்டு விவரம் சொல்லுங்கள். ரீப்பரில் எந்த டிரைவரைத் தேர்ந்திருக்கிறீர்கள்? இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏசியோ (தாமதம் குறைந்த வகை) டிரைவரா, வேறா? அடுத்து, டிரைவர்களால் வரும் தாமதத்தை அளக்கும் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை, சார்ஜர் இணைத்து, வைஃபை இயங்கும் நிலையில் பத்து நிமிடம் ஓடவிட்டு, டிரைவர் பட்டியலில் முதலிடத்தில் நிற்பது எது என்று பாருங்கள்.

கேள்வியாளர்: நாதம்_48

தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவர்தான் ஐயா. லேட்டன்சிமானில் முதலில் நிற்பது என்டிஸ்.சிஸ், அதிகபட்சம் 2,300 மைக்ரோ விநாடி. அடுத்தது ஏசிபிஐ.சிஸ், சுமார் 600. செயலி சும்மா இருக்கும்போது இது எப்படித் தடையாகும்?

மறுமொழி: ஒலிக்கூடம்

சாலையில் வண்டியே இல்லாவிட்டாலும் ரயில்வே கேட் மூடியிருந்தால் நின்றுதானே ஆக வேண்டும்? அதுதான் இங்கே நடக்கிறது. வன்பொருள் டிரைவர்கள் டிபிசி என்ற வகையில் சில வேலைகளைச் செய்கின்றன. அது முடியும்வரை அந்தக் கோரில் வேறெந்த நிரலும் ஓட முடியாது. முன்னுரிமை அதிகம் கொடுக்கப்பட்ட ஆடியோ நிரலும் காத்திருக்கத்தான் வேண்டும். 128 சாம்பிளுக்கு உங்களிடம் இருப்பது 2,667 மைக்ரோ விநாடி. அதில் 2,300ஐ ஒரே டிரைவர் எடுத்துக்கொண்டால் மிச்சத்தில் ஆடியோவைத் தயாரிக்க முடிவதில்லை; பஃபர் காலியாகிறது, பொரிகிறது. 15 சதவீதம் என்பது சராசரி. இந்த நொடிப்பொழுது நெரிசல் அதில் தெரியவே தெரியாது.

மறுமொழி: கம்பிச்சுருள்

என்டிஸ் விண்டோஸின் பிணைய அடுக்கு. பெரும்பாலும் அதன் கீழே இருக்கும் வைஃபை கார்டின் டிரைவர்தான் காரணமாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். விடை அப்போதே தெரிந்துவிடும். பிறகு மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய வைஃபை டிரைவரை நிறுவலாம்.

மின் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்கவைப்பது) நிறுத்துங்கள். பவர் மோடைச் சிறந்த செயல்திறனுக்கு மாற்றுங்கள். இன்டர்ஃபேஸை ஹப் வழியாக அல்லாமல் நேரடியாகக் கணினியில் செருகுங்கள். மின் மேலாண்மையைக் கவனிக்கும் ஏசிபிஐக்காக பேட்டரி டிரைவரை முடக்கச் சொல்வார்கள். 600க்கு அது தேவையில்லை, சார்ஜ் அளவு காட்டுவதும் நின்றுபோகும்.

இணையத்தில் கிடைக்கும் முப்பது மாற்றங்களையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், அளந்து பாருங்கள், பிறகு அடுத்தது.

கேள்வியாளர்: நாதம்_48

வைஃபையை முடக்கியதும் 2,300 என்பது 280க்கு இறங்கிவிட்டது! புதிய டிரைவருடன் இயக்கினால் 900 வரை போகிறது. எனவே பதிவின்போது அணைத்தே வைக்கப் போகிறேன். 128இல் பொரிவதில்லை. ரீப்பரின் மேல் மூலையில் 3.6/4.7 (உள்ளே/வெளியே தாமதம், மில்லி விநாடியில்) என்று காட்டுகிறது. ஆனாலும் எல்லா ஒலியும் சேரும் மாஸ்டர் டிராக்கில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ (அதிர்வெண்களைச் சமன்செய்யும் ஒரு வகைக் கருவி) போட்டால் குரல் மறுபடி பிந்துகிறது. அதை எடுத்தால் பிந்துவதில்லை. ஆனால் குரல் அடர்த்தி குறைந்து மெலிந்து கேட்கிறது.

மறுமொழி: ஒலிக்கூடம்

அருமை, பெரிய தடை நீங்கிவிட்டது. லீனியர் ஃபேஸ் ஈக்யூ, முன்னோக்கிப் பார்க்கும் லிமிட்டர் (உச்ச ஒலியை அடக்கும் கருவி) போன்றவை வேலை செய்யும் விதத்திலேயே தாமதம் உண்டு. எவ்வளவு வேகமான கணினியாலும் அதை நீக்க முடியாது. பதிவு முடிந்து கலவை செய்யும்போது போட்டுக்கொள்ளுங்கள். அப்போது பஃபரையும் 1,024க்கு ஏற்றிவிடலாம்.

குரல் மெலிவதற்குக் காரணம், இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் (குரலை நேராக ஹெட்போனுக்கு அனுப்புவது) ரீப்பரின் மானிட்டரிங்கும் (குரலைக் கணினி வழியாகக் கேட்பது) ஒரே நேரத்தில் இயங்குவதாக இருக்கலாம். ஒரே குரல் சில மில்லி விநாடி இடைவெளியில் இரண்டு முறை சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றை அணையுங்கள். எதிரொலி விளைவு இல்லாமல் பாட முடியும் என்றால் டைரக்ட் மானிட்டரை வைத்துக்கொள்ளுங்கள். அதில் கணினியின் தாமதம் சேர்வதே இல்லை.

கேள்வியாளர்: நாதம்_48

ஆம், இரண்டும் இயங்கிக்கொண்டிருந்தன. ரீப்பரில் மானிட்டரிங்கை அணைத்ததும் குரல் முழுமையாகக் கேட்கிறது. மிக்க நன்றி ஐயா. பதிவான குரல் தாளத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வழி உண்டா?

மறுமொழி: கம்பிச்சுருள்

உண்டு. இன்டர்ஃபேஸின் ஒரு லைன் அவுட்டை ஒரு லைன் இன்னுடன் கேபிளால் இணையுங்கள். அந்த டிராக்கின் மானிட்டரிங்கையும் டைரக்ட் மானிட்டரையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒலி சுழன்று அலறும். ஒரு டிராக்கில் கிளிக் ஒலியை ஓட்டி, அதை இன்னொரு டிராக்கில் பதிவுசெய்து, பெரிதாக்கி இரண்டுக்கும் இடையே எத்தனை சாம்பிள் இடைவெளி என்று பாருங்கள். டிரைவர் சொல்லும் தாமதத்தை ரீப்பர் தானாகக் கழித்துவிடும். மிச்சம் தெரிந்தால், விருப்பத்தேர்வுகளில் ரெக்கார்டிங் பக்கத்தில் அந்த எண்ணை மேனுவல் ஆஃப்செட்டாகக் கொடுங்கள். பஃபரை மாற்றினால் மறுபடி அளந்துவிடுங்கள்.