அம்மாவின் மணிக்கட்டுக்கு எந்த ஸ்கேன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குற வாதநோய்), வயசு 58. அதுக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுறாங்க. மத்த மூட்டு வலியெல்லாம் அடங்கிடுச்சு. ஆனா வலது மணிக்கட்டின் மேல்பக்கம், சுண்டுவிரல் ஓரமா, மெத்துன்னு ஒரு வீக்கம். விரலை நீட்டி மடக்கினா வீக்கமும் கூடவே நகருது. இப்போ சுண்டுவிரலை முழுசா நீட்டச் சிரமப்படுறாங்க. சேலை மடிப்பு பிடிக்கக்கூட கை ஒத்துழைக்கலை.

எக்ஸ்ரேயில எலும்பு நல்லாயிருக்கு. ஆனா தசைநாரும் அதைச் சுத்தின உறையும் அதுல சரியாத் தெரியாதே! இந்த நோய்ல உறை வீங்கி நாரை அரிச்சிடலாம். விரல் நீட்டுற நார்கள்ல சுண்டுவிரலோடதுதான் பெரும்பாலும் முதல்ல அறுந்துபோகும். அதான் பயமா இருக்கு.

டாப்ளரோட (ரத்த ஓட்டத்தைக் காட்டுற வசதி) அல்ட்ராசவுண்ட் எடுத்தா, உறைக்குள்ள ரத்த ஓட்டம் கூடியிருக்கான்னு பார்த்து அழற்சி இன்னும் இருக்கான்னு சொல்லலாம். விரலை அசைக்கச் சொல்லி, நார் ஓடுறதையும் அப்பவே பார்க்கலாம். எம்ஆர்ஐ எலும்புக்குள்ள இருக்கிற நீர்க்கோப்பு வரை காட்டும். ஆனா காண்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாத் தெரியப் போடுற மருந்து) போடணும்னா யோசனையா இருக்கு, அம்மாவுக்கு கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கிற ரத்த அளவு) கொஞ்சம் அதிகம்.

மதுரை, திருநெல்வேலி பக்கம் மூட்டு, தசைநார் ஸ்கேன்ல நல்லாப் பழகின ரேடியாலஜிஸ்ட் யாராச்சும் இருக்காங்களா? சாதாரண வயிறு ஸ்கேன் பார்க்கிறவங்க போதாதுன்னு நினைக்கிறேன். ஊசி போடாம எம்ஆர்ஐ எடுத்தவங்க இருந்தா, அது எந்த அளவுக்கு உதவுச்சுன்னு சொல்லுங்க. கை அறுவை சிகிச்சை நிபுணரை இப்பவே பார்த்துடணுமா? அடுத்த வாரம் வாதநோய் டாக்டர்கிட்ட போறோம், அதுக்குள்ள பதில் கிடைச்சா பெரிய உதவி.